தகரப் பெட்டியில் ஒரு பித்தளை வில்லை

போன இதழில் பெரம்பூர் பின்னி மில்லைப் பற்றி (பி அண்ட் சி என்பதும் அதுதான்) போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி காக்கித் துணியும் யுத்தமுமாகவே இருக்கின்றன. சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே பார்ப்போம்.

"என் கொள்ளுத்தாத்தா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 'முதல் யுத்தத்துல வேலை பார்த்தவரு' என்று பாட்டி சொல்வார். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பித்தளை வில்லையும் கையகலக் காக்கித் துணியும் இருந்தன. வில்லையின் மேல்பக்கம் ஒரு துளை, நடுவில் நாலு இலக்க எண். வேறு எழுத்து இல்லை. இது போர்ப் பதக்கமா? போட்டோ இணைத்துள்ளேன்."
— ஒரு வாசகி, வியாசர்பாடி

அம்மா, போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வருத்தப்படாமல் கேளுங்கள். அது பதக்கம் இல்லை, டோக்கன். அந்தக் காலத்து மில்களில் தொழிலாளிக்குப் பெயரை விட எண்தான் முக்கியம். கேட்டிலும் சம்பளத்தன்றும் அந்த எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். துளை இருப்பது கயிற்றில் கோக்கவோ ஆணியில் மாட்டவோதான்.

முதல் உலகப் போர்ப் பதக்கம் என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். வெள்ளியில் வட்டமாக, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள். படையோடு போன சமையல்காரர், சுமை தூக்கியவர் போன்றவர்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். முக்கியமான அடையாளம் முகத்தில் இல்லை, விளிம்பில். நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பது போல விளிம்பைத் திருப்பினால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். உங்கள் வில்லையின் விளிம்பு மொழுமொழுவென்று இருக்கிறது.

அப்படியானால் பாட்டி சொன்னது தப்பா? இல்லவே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை நீங்களே இன்னொரு தரம் படியுங்கள். பாட்டி 'யுத்தத்துக்குப் போனவரு' என்று சொல்லவில்லை. 'யுத்தத்துல வேலை பார்த்தவரு' என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

பக்கிங்காம் மில் 1870-களில் வந்தது, கர்நாடிக் மில் 1880-களில். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920-ல் இரண்டும் ஒன்றாகி, ஊர் வாயில் பி அண்ட் சி ஆயின. அந்த மில்லுக்குப் பேர் வாங்கித் தந்தது பட்டோ மல்லோ இல்லை, காக்கி டிரில். சாய்வரி ஓடும் கெட்டி நெசவு, வெளுக்காத சாயம். பட்டாளமும் போலீஸும்தான் பெரிய வாடிக்கை.

1914-ல் போர் வந்தது. பிரான்ஸின் குளிருக்குக் கம்பளி உடுப்பு வேண்டும். ஆனால் மெசபடோமியாவிலும் (இன்றைய இராக்) எகிப்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கம்பளியைப் போட்டுக்கொண்டு நின்றால் ஆள் வெந்துவிடுவான். அங்கே வேண்டியது பருத்திக் காக்கி. இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் சட்டை, கால்சட்டை, பை, கூடாரம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். 1917-ல் 'இந்திய மியூனிஷன்ஸ் போர்டு' என்று ஒன்றை அமைத்து, பட்டாளத்துக்கான துணிக் கொள்முதலை அதன் கையில் கொடுத்தார்கள். பெயர் வெடிமருந்து வாரியம், ஆனால் அது வாங்கிக் குவித்ததில் துணி பெரும் பங்கு.

அந்த மெசபடோமியக் காக்கி ஒரு தறியில்தானே நெய்யப்பட வேண்டும்? அங்கேதான் உங்கள் கொள்ளுத்தாத்தா நிற்கிறார். எத்தனை மணி நேரம் நின்றார் தெரியுமா? 1911-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி துணி மில்லில் வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. அந்த அரை மணியில் கை கழுவி, தூக்கைத் திறந்து, சாப்பிட்டுத் திரும்பவும் தறிக்கு வர வேண்டும்.

தறி வேலை என்றால் சும்மா நின்று பார்ப்பதில்லை. நாடாவில், அதாவது குறுக்கே ஓடும் ஓடத்தில், ஊடுநூல் தீர்ந்தால் நூல் சுற்றிய புதுக் கதிரைப் போட்டு, நாடாவின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். அந்தக் காலத் தறிகளில் அதுதான் வழக்கம். நூலோடு பஞ்சுத் தூசியும் பக்கத்து ஆள் எச்சிலும் சேர்ந்துதான் வரும். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிடும். நெசவுப் பிரிவில் இருந்த பெரியவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள், வெளியாள் சண்டை என்று நினைத்துக்கொள்வான். உங்கள் பாட்டியும் உரக்கப் பேசுபவராக இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பழைய கம்பெனிகளில் போரில் சேவை செய்த ஊழியர்களுக்குப் பெயர்ப் பலகை வைக்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள் பெயர்தான் இருக்கும். அதற்கு ஒரு காரணம் சட்டம். 1917-ல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், இங்கே இருந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு ராணுவ சேவையைக் கட்டாயமாக்கியது. இந்தியருக்கு அது விருப்பம்தான். ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் உடுப்பு மாட்டினார், பலகையில் ஏறினார். உடுப்பை நெய்தவர் தறியிலேயே நின்றார். பலகைக்கு அவர் கண்ணில் படவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

ஒருவேளை அவர் நடுவில் நிஜமாகவே பட்டாளத்தில் சேர்ந்தும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். சேர்ந்திருக்கலாம். மதராஸ் சாப்பர்ஸ், பயனீர்ஸ், பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று நம் பக்கத்து ஆட்கள் நிறைய இருந்த படைகள் உண்டு. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய படையில் 61-வது பயனீர்ஸும் 63-வது பாளையங்கோட்டைப் படையும் இருந்தன. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் பின்பக்கம் 1914–1918 நினைவுச் சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்தியாவில் ஆங்காங்கே புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போனவர்கள் அவர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா உயிரோடு திரும்பி, பாட்டியைப் பெற்று வளர்த்தவர். அங்கே தேட வேண்டாம். டோக்கனே போதும்.

"நான் ஓய்வு பெற்ற போலீஸ்காரன். நாங்கள் போட்ட பழைய காக்கி அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், ஆனால் கிழிகிற வரை நிறம் மாறாது. இப்போது வருவது நாலு துவைப்பில் வெளுக்கிறது. ரகசியம் என்ன?"
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

துருதான் ரகசியம், ஐயா.

வேட்டியில் ஆணித் துரு பட்டால் என்ன ஆகிறது? சோப்பு போட்டாலும் போகாது, வெயிலில் போட்டாலும் போகாது. அந்தக் காலக் காக்கி என்பது அந்தத் துருவை வேண்டுமென்றே துணி முழுக்க ஏற்றியது. இரும்பு உப்பும் குரோமிய உப்பும் கலந்த கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, காய வைத்து, பிறகு கொதிக்கிற சோடாக் காரத்தில் ஓட்டுவார்கள். அப்போது இரும்பு துரு நிறமாகவும் குரோமியம் பச்சையாகவும் இழைக்குள்ளேயே படிந்துவிடும். துருவும் பச்சையும் சேர்ந்தால் காக்கி. அளவைக் கூட்டிக் குறைத்தால் மஞ்சள் காக்கி, பச்சைக் காக்கி என்று மாறும். 1884-ல் இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊரில் கேட்டி என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இழைக்குள் உலோகம் உட்கார்ந்திருப்பதால்தான் அட்டை மாதிரி விறைப்பு. என் தாய்மாமன் தையல்காரர். காக்கி டிரில் தைக்க வந்தால் முகத்தைச் சுளிப்பார். நாலு மடிப்பு சேரும் இடுப்புப் பட்டியில் ஊசி சூடேறி 'டக்'கென்று உடையும். அதனால் தைக்கும் முன்பு அந்த இடத்தில் காய்ந்த பார் சோப்பை நன்றாகத் தேய்த்துவிடுவார். ஊசி வழுக்கிக்கொண்டு போகும். கால்சட்டை புதிதாக வரும்போது தொடையில் சோப்பு வாசனை வந்ததற்கு அதுதான் காரணம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம்.

யுத்தத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914-ல் உலகத்துச் சாயத்தில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. போர் தொடங்கியதும் நின்றுபோனது. கலர் துணி செய்தவர்கள் திண்டாடினார்கள். இரும்பையும் குரோமியத்தையும் நம்பிய காக்கிக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. எதிரி நாட்டுச் சாயத்தை எதிர்பார்க்காத ராணுவ நிறம்.

இப்போது வரும் காக்கி பெரும்பாலும் வேறு சாயம், பாலியஸ்டர் கலப்பு. மிருதுவாக இருக்கும், வியர்வை மட்டும் வெளியே போகாது.

"பி அண்ட் சி மில் தொழிலாளர்களின் தலைவரே, 'யுத்த நேரம், ஸ்ட்ரைக் செய்யாதீர்கள்' என்று தடுத்தாராமே? இது துரோகம் இல்லையா?"
— கல்லூரி மாணவர் ஒருவர், சேலம்

தடுத்தது உண்மை. துரோகமா என்பதை முழுக் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், தம்பி.

யுத்தம் நாலாவது வருடத்தை எட்டியபோது அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாம் விலை ஏறிவிட்டது. துணி நெய்கிறவனுக்கே துணி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகளைச் சூறையாடும் அளவுக்குக் கலவரம் வந்தது. அந்த வருடம்தான் விஷக் காய்ச்சலும். அதே வருடம் ஏப்ரல் 27-ம் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர் வியாபாரிகள் ஓடியாடி ஆள் சேர்த்தார்கள். தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர்களில் திரு.வி.க. ஒருவர். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறோம். முதலில் கேட்டது என்ன தெரியுமா? சம்பளத்தோடு, சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம். அரை மணி 40 நிமிடம் ஆனது. பத்து நிமிடம் என்று சிரிக்காதீர்கள். தூக்கைத் திறந்து அவசரமில்லாமல் நாலு வாய் சாப்பிட அந்தப் பத்து நிமிடம் வேண்டியிருந்தது.

வாடியா, ஹோம் ரூல் இயக்கம் நடத்திய அன்னி பெசன்டின் ஆள். 1917-ல் அவரோடு சேர்த்துக் காவலில் வைக்கப்பட்டவர். 1918 ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று கொதித்தபோது வாடியா சொன்னதன் சாரம் இது: நீங்கள் நிறுத்தினால் கம்பெனியின் பணப்பைதான் அடிவாங்கும் என்றால் எனக்குக் கவலை இல்லை, அவர்கள் கொள்ளையாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்கு உடுப்பு போகாமல் நின்றுவிடும்.

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. வயிறு காய்கிறவனிடம் போய்ப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் யுத்தத்தை நினைத்துப் பார் என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் அதற்குள்ளேயே ஒரு ஒப்புதலும் இருக்கிறது, கவனித்தீர்களா? பெரம்பூரில் நெசவாளி கையை எடுத்தால் பாக்தாதில் சிப்பாய்க்குச் சட்டை கிடையாது என்று அவரே சொல்லிவிட்டார். வியாசர்பாடி பாட்டி சொன்னதும் அதுதானே.

யுத்தம் முடிந்த பிறகு கம்பெனி வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் வைப்பவனுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அப்போதுதான் ஊருக்கெல்லாம் உறைத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். 1921-ன் நீண்ட வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் எனக்குக் கொடுத்திருக்கும் பக்கம் போதாது.

"என் பாட்டியின் பிறந்த வீடு கண்ணூர். அவருடைய அப்பா முதலில் 'ஜெர்மன் கம்பெனி'யிலும் பிறகு 'காமன்வெல்த்'திலும் நெய்ததாகச் சொல்வார். வேலை மாறினாரா?"
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அவர் எங்கேயும் மாறவில்லை, போர்டுதான் மாறியது.

பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூர், கண்ணூர், கோழிக்கோடு பக்கம் நெசவாலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் வைத்திருந்தது. தலைமையிடம் சுவிட்சர்லாந்து, ஆட்களில் பலர் ஜெர்மானியர். 1914-ல் போர் வந்ததும் ஜெர்மன்காரர் எல்லாம் எதிரிகள் ஆனார்கள். பலரை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். போர் முடிந்த கையோடு தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. நெய்தவர் அதே ஷெட்டில் அதே தறியில் இருக்க, முதலாளி மட்டும் மாறிப்போனார். வெள்ளைக்காரன் சண்டையில் வெள்ளைக்காரன் சொத்து கைமாறியது. நடுவில் நெசவாளி என்ன நினைத்தார் என்று உங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதுங்களேன்.

காக்கியைக் கண்டுபிடித்ததே இந்த மிஷனின் மங்களூர் நெசவாலைதான் என்று மங்களூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஹாலர் என்ற ஜெர்மன் நெசவாளி 1850-களில் செய்தார் என்பது அவர்கள் கதை. பெஷாவரில் லம்ஸ்டன் என்ற அதிகாரி 1840-களிலேயே தன் படைக்கு மண் நிற உடுப்பு போட்டுவிட்டார். 'காக்' என்றால் பாரசீகத்தில் தூசி. பெஷாவருக்கு முந்தினது என்று சொல்ல முடியாவிட்டாலும், தெற்கே மங்களூரை யாரும் முந்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

"இரண்டாம் உலகப் போரில் மில் தொழிலாளி வேலையை விட்டு நிற்கக்கூட முடியாது என்று என் மாமனார் சொல்வார். அவ்வளவு கெடுபிடியா?"
— ஒரு வாசகி, ஆவடி

ஆமாம். 1941-ல் அத்தியாவசியப் பணிகள் அவசரச் சட்டம் வந்தது. அதன் கீழ் அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம். அடுத்த வருடம் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்ற விதி வந்து வேலைநிறுத்தத்துக்கும் கடிவாளம் போட்டது. முதல் யுத்தத்தில் தலைவர் கெஞ்சிக் கேட்டதை இரண்டாம் யுத்தத்தில் சர்க்கார் சட்டமாகவே போட்டுவிட்டது.

இதில் வேடிக்கை, 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சொல்லி அதே சர்க்கார் சென்னையைக் காலி பண்ணச் சொன்னது. ஊரே மூட்டை கட்டியது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதே வருடம் துணிக் கட்டுப்பாடு வந்து, துணியிலேயே விலையை முத்திரை குத்தி விற்க வேண்டியதாயிற்று. முத்திரை விலைக்குத் துணி கிடைத்ததா என்று மாமனாரிடம் கேளுங்கள், கள்ளமார்க்கெட் கதை அரை நாள் ஓடும்.

"அந்த மில் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?"
— இன்னொரு வாசகர், பெரம்பூர்

பெரம்பூரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! 1996-ல் மூடினார்கள். அப்புறம் ரொம்ப காலம் சினிமாக்காரர்களுக்கு அதுதான் சண்டைக் காட்சி மைதானம். வில்லன் ஹீரோவிடம் உதை வாங்கும் பாழடைந்த ஷெட்டை எத்தனை படத்தில் பார்த்திருப்பீர்கள். இப்போது அடுக்குமாடி எழுகிறது.

பின்குறிப்பு: வியாசர்பாடி வாசகி கடிதத்தின் ஓரத்தில், 'வில்லையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து பிரேம் போடலாமா?' என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம் அம்மா. எண் ஏற்கெனவே மழுங்கியிருக்கிறது, புளியும் சாம்பலும் இன்னும் தேய்த்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். இன்னொன்று, தேய்த்த புளிக்கையோடு அந்தக் காக்கித் துண்டைத் தொட்டுவிடாதீர்கள். துருக்கறை எலுமிச்சைக்குப் போவது போல அந்தக் காக்கியும் புளிப்புக்கு வெளுக்கும். இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, பழையபடி அதே தகரப் பெட்டியில் வையுங்கள். பெட்டி மட்டும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.